இரைச்சல் எந்த வீட்டிலிருந்து வருகிறது?

(கோவையில் அமெச்சூர் வானொலிக்காரர்கள், மோட்டார் - பம்ப் தொழிலில் இருப்பவர்கள், பொறியியல் மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இங்கே இரண்டு கூட்டத்தார் வந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம், மொட்டை மாடியில் கம்பி கட்டி ஊரோடும் உலகத்தோடும் பேசுகிற ஹாம்கள். இன்னொரு பக்கம், மோட்டாரும் பம்பும் கன்ட்ரோலரும் செய்து இந்தியா முழுக்க அனுப்புகிற தொழில்காரர்கள். உங்கள் இரு தரப்புக்கும் நடுவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அப்படி ஒன்று நடப்பது ஒரு தரப்புக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

காலையில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்தால் தமிழ்க் குரல்கள் கேட்கும். மதுரையிலிருந்து ஒருவர், சென்னையிலிருந்து ஒருவர், கடல் தாண்டி இலங்கையிலிருந்து ஒருவர். பகல் நேரத்தில் இந்த அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். நம் மாநிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த அலைவரிசை என்றே சொல்லலாம். சிறுவாணி மலையடிவாரத்தில் ஒரு தோப்பில் உட்கார்ந்து கேட்டால் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் இரண்டு, மூன்றில் நிற்கும்; குரல்கள் தெளிவாக இருக்கும். அதே ரேடியோவைப் பீளமேட்டிலோ கணபதியிலோ ஒரு மாடியில் வைத்தால், யாரும் பேசாதபோதே முள் ஏழு, எட்டில் நிற்கும். முள் காட்டுவது முழுக்க இரைச்சல்.

எஸ் மீட்டரில் ஒரு படி என்றால் சக்தியில் நான்கு மடங்கு. மூன்றிலிருந்து எட்டுக்கு ஐந்து படி. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. தோப்பில் 100 வாட்டில் கேட்ட குரல், இந்த மாடியில் அதே தெளிவோடு கேட்க வேண்டுமென்றால் எதிர்முனையில் இருப்பவர் ஒரு லட்சம் வாட் போட வேண்டும். நம் நாட்டில் பொதுப் பிரிவு உரிமத்துக்கே 400 வாட்தான் உச்சவரம்பு. ஆகவே சக்தியைக் கூட்டி இந்தச் சிக்கலைத் தீர்க்க வழியே இல்லை. இரைச்சலைத்தான் குறைக்க வேண்டும்.

பொழுதுபோக்குக்காரர்களின் கவலைதானே என்று சிலர் நினைக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியோடு தம் குழுவினருடன் இருந்தார். தொலைபேசி செத்துக் கிடந்த தீவிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற சேதி அவருடைய ரேடியோ வழியாக நாட்டுக்கு வந்தது. அப்படிப்பட்ட சேதி பெரும்பாலும் பலவீனமாகத்தான் வரும். கேட்கிற ஊர் அமைதியாக இருந்தால்தான் அது காதில் விழும்.

இனி கோவைக்கு வருகிறேன்.

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. மில்கள் பெருகின. 1937இல் கோவைத் தொழில்முனைவோரான ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று பெயர் பெற்ற மோட்டாரை இங்கே உருவாக்கினார்கள். அதே ஜி.டி. நாயுடு 1941இல், ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். மோட்டாரும் ரேடியோவும் ஒரே மனிதருடைய பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த ஊர் இது. இன்றைக்கு அவை ஒன்றையொன்று தெரியாதவைபோல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மோட்டார்மீது நான் குற்றம் சுமத்தவில்லை. இதைத் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டும். கோவை பெயர் வாங்கிய இண்டக்‌ஷன் மோட்டார், ரேடியோவுக்கு மிக நல்ல பக்கத்து வீட்டுக்காரர். அதில் பிரஷ் கிடையாது, பொறி கிடையாது. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்கும்போது ஒரு ‘டக்’. நிறுத்தும்போது இன்னொரு ‘டக்’. நடுவில் நாள் முழுக்க ஓடினாலும் ரேடியோவில் ஒன்றும் கேட்காது. மிக்ஸியும் ட்ரில்லிங் மெஷினும் பிரஷ் உள்ளவை. அவை இரையும், ஆனால் சில நிமிடங்களில் நின்றுவிடும்.

நிலைமை மாறியது மோட்டாருக்கு முன்னால் எலெக்ட்ரானிக்ஸ் வந்து உட்கார்ந்தபோது. மில்களில் ரிங் ஃபிரேமுக்கும் ஹியூமிடிஃபிகேஷன் விசிறிக்கும் டிரைவ் வந்தது. தோட்டத்தில் சப்மெர்சிபிள் பம்புக்கு வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் வந்தது, சோலார் கன்ட்ரோலர் வந்தது. கரண்ட் மிச்சமாகிறது, மோட்டார் நிதானமாக வேகமெடுக்கிறது. நல்ல கருவிகள், அவை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. ஆனால் அவை வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். வருகிற ஏ.சி.யை டி.சி. ஆக்கி, அந்த டி.சி.யை நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டும் செங்குத்தானது. நானூறு, ஐந்நூறு வோல்ட் ஒரு மைக்ரோ நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏறி இறங்கும். இவ்வளவு செங்குத்தான விளிம்பு மெகாஹெர்ட்ஸ் கணக்கில் பரவியே தீரும். அது இயற்பியல்.

பரவுவதற்கு வழியும் தயாராக இருக்கிறது. நம் பக்கம் ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறோம். கன்ட்ரோலரிலிருந்து மோட்டார் வரை நீண்ட கேபிள். அந்தக் கேபிளுக்கும் மோட்டார் சுருளுக்கும் பூமிக்கும் இடையே ஒரு மின்தேக்கம் தானாகவே அமைந்திருக்கும். ஒவ்வொரு வெட்டின்போதும் அதன் வழியாக உயர் அதிர்வெண் மின்னோட்டம் பூமிக்குள் கசியும். கசிந்தது கன்ட்ரோலருக்குத் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழியை நாம் அமைத்துத் தராவிட்டால், எர்த் கம்பி, மின்கம்பம், பக்கத்துத் தோட்டத்துக் கம்பிவேலி என்று அகப்பட்டதில் ஏறித் திரும்பும். அந்தச் சுற்று முழுவதும் ஆன்டெனா. டிரைவ் பெட்டிக்குள் இருக்கும்வரை இரைச்சல் சிறிது. கேபிளில் ஏறிய பிறகுதான் அது ஊர் சுற்றுகிறது.

இப்போது ஹாம்களிடம் பேசுகிறேன். இரைச்சல் வந்ததும் பக்கத்து மில்லைக் கைகாட்டுவது நம்மிடம் உள்ள பழக்கம். முதல் சந்தேகம் நம் வீட்டின்மீது இருக்கட்டும். ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் இணையுங்கள். வீட்டு மெயினை இறக்குங்கள். நம் ஊரில் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மெயினை இறக்கியதும் ஹாலில் இருக்கும் யு.பி.எஸ். விழித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் கரண்ட் போன ஆண்டுகளில் வாங்கி வைத்தது, இன்றும் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அதுவே ஒரு பெரிய இரைச்சல் பெட்டி. அதையும் அணைத்து, வீடு முழுக்க இருட்டான பிறகு கேளுங்கள். முள் இறங்கினால் எதிரி உள்ளே இருக்கிறார். எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். எல்.இ.டி. ட்யூப், செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், சி.சி.டி.வி. பெட்டி, புதிதாக வாங்கிய பி.எல்.டி.சி. விசிறி. பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள் ஒன்று அகப்படும்.

அகப்பட்டதைத் திறந்து பார்க்கச் சொல்வேன், பிளக்கிலிருந்து கழற்றி ஆறவிட்ட பிறகு. மலிவான எல்.இ.டி. பல்பின் டிரைவர் பலகையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு காட்சி கிடைக்கும். கரண்ட் நுழையும் இடத்தில் வெள்ளை எழுத்தில் ‘எல்1’ என்று அச்சிட்டு, சோக் சுருள் உட்கார இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் சுருள் இருக்காது. ஒரு துண்டுக் கம்பி குறுக்கே பற்றவைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ‘சி1’ என்று கட்டம் இருக்கும். மின்தேக்கி இருக்காது, இரண்டு வெற்று ஓட்டைகள் மட்டும். பலகையை வடிவமைத்த பொறியாளருக்கு ஃபில்டர் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. வரைபடத்தில் போட்டிருக்கிறார். விலையைக் கணக்குப் பார்த்தவர் எடுத்துவிட்டார். மின் கருவிகள் ரேடியோவைக் கெடுக்காமல் இருக்க வரம்பு வகுக்கும் சிஸ்பர் (CISPR) என்ற பன்னாட்டுக் குழு 1934இலேயே பாரிஸில் கூடியது. தொண்ணூறு ஆண்டு அறிவு அந்த இரண்டு ஓட்டைகளில் காலியாகக் கிடக்கிறது.

வீடு சுத்தம் என்றால் வெளியே போகலாம். போவதற்கு முன் ஒரு நோட்டு வேண்டும். எந்த நேரம் இரைச்சல் வந்தது, எப்போது நின்றது, காற்றா மழையா, ஞாயிறா திங்களா என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கொங்கு நாட்டில் நேரம் தெரிந்தால் பாதி ஆள் தெரிந்த மாதிரி. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் தொடங்கி அது போகிற நேரத்தில் நின்றால், தோட்டத்து டிரைவைத் தேடலாம். வெயில் ஏறும்போது வந்து, மேகம் மறைக்கும்போது ஸ்ருதி மாறி, பொழுது சாய்ந்ததும் நின்றால் சோலார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இடைவெளி விட்டு, தீபாவளி விடுமுறையில் முழுதாக அடங்கினால் மில்லோ பனியன் கம்பெனியோ.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. அதே காற்று மின்கம்பங்களையும் ஆட்டும். இன்சுலேட்டரில் கம்பியைக் கட்டிய கட்டு தளரும், கிராஸ் ஆர்மின் போல்ட் லூசாகும், ஜம்பர் சரியாகத் தொடாமல் நிற்கும். தளர்ந்த இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தால் அங்கே பொறி பாயும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் மேலே ஒரு உச்சம், கீழே ஒரு உச்சம். ஆகவே நொடிக்கு நூறு கொத்துப் பொறிகள். ரேடியோவில் அது கரகரத்த ‘ர்ர்ர்’ என்று கேட்கும். ஒருமுறை காது பழகிவிட்டால் வேறெதோடும் குழப்பமாட்டீர்கள். காற்று ஓங்கும்போது விட்டுவிட்டு வரும். நல்ல மழை பெய்தால் இடைவெளி நனைந்து பொறி நின்று, அமைதியாகிவிடும்; வெயில் காய்ந்ததும் திரும்பும். மழையில் கூடுகிற இரைச்சலும் உண்டு. அது உயர் அழுத்தக் கோபுர லைன்களில் ஈரப்பதத்தால் வருகிற கொரோனா என்ற மின்கசிவு. மழையில் குறைகிறதா, கூடுகிறதா என்ற ஒரே குறிப்பு இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

நோட்டுப் போட்டு இரைச்சலைத் தேடிய ஒரு பெரிய மனிதரைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளர். கடல் கடந்த ரேடியோ தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குத் தரப்பட்ட வேலை, நம் வேலைதான். 20.5 மெகாஹெர்ட்ஸில், சுழலும் ஆன்டெனா ஒன்றைக் கட்டிக்கொண்டு கேட்டார். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் பிரித்த பிறகும் மெல்லிய சீறல் ஒன்று மிச்சம் இருந்தது. அது திரும்பி வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போனார். 24 மணிக்கு ஒருமுறை இல்லை. 23 மணி 56 நிமிடம். அது விண்மீன்கள் ஒரு சுற்றுத் திரும்பும் கணக்கு. 1933இல், அந்தச் சீறல் பால்வெளி மண்டலத்தின் நடுப்பகுதியிலிருந்து வருகிறது என்று அறிவித்தார். ரேடியோ வானியல் என்ற துறையே ஒரு குறுக்கீட்டுப் புகாரில் பிறந்தது. அந்தத் துறையின் பெரிய கருவி ஒன்று நமக்கு மேலே நீலகிரியில் முத்தொரையில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970 முதல் இயங்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஈடான சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதில் கிடத்தியிருக்கிறார்கள். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். நாம் கீழே எழுப்பும் சத்தம் ஹாம்களுக்கு மட்டும் தொல்லை என்று நினைக்காதீர்கள்.

நோட்டு தயார் என்றால் இனி நடக்க வேண்டும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஏ.எம். எடுக்கும் ட்ரான்ஸிஸ்டர் ரேடியோ ஒன்று போதும். அதற்குள் இருக்கும் ஃபெரைட் குச்சி திசை காட்டும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ரேடியோவைக் கிடைமட்டமாகச் சுழற்றுங்கள். இரைச்சல் செத்துப்போகிற ஒரு நிலை வரும். அப்போது குச்சியின் முனை நீட்டும் கோட்டில்தான் ஊற்று இருக்கிறது, முன்னாலோ பின்னாலோ. இன்னொரு இடத்திலிருந்தும் ஒரு கோடு போட்டால் இரண்டும் வெட்டிக்கொள்ளும். ஆனால் மின்கம்பிக்கு அருகே போனதும் ட்ரான்ஸிஸ்டர் ஏமாற்றத் தொடங்கும். இரைச்சல் கம்பியோடு ஓடி, குற்றமே இல்லாத கம்பங்களில்கூட உச்சம் காட்டும். கிட்டே போகப் போக அதிர்வெண்ணை உயர்த்துவதுதான் இதற்கு வழி. 7 மெகாஹெர்ட்ஸில் கேட்டதை 30இல் கேளுங்கள், பிறகு 130, 140இல். உயர் அதிர்வெண்ணில் இரைச்சல் ஊற்றுக்கு அருகில் மட்டுமே கேட்கும். வி.எச்.எஃப். ஏ.எம். ரிசீவரும் மூன்று கம்பி யாகி ஆன்டெனாவும் இருந்தால், எந்தக் கம்பம் என்று விரலை நீட்டிச் சொல்லிவிடலாம்.

கம்பத்தைக் கண்டுபிடித்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பத்தை உதைத்துப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது என்று சிலருக்கு ஆசை வரும். லூசாக இருக்கிற கம்பி தலைமேல் விழும். கம்பத்தின் எண்ணைக் குறித்து, ‘இந்தக் கம்பத்தில் ஏதோ தளர்ந்து பொறி பறக்கிறது’ என்று லைன்மேனிடம் சொல்லுங்கள். ‘என் ரேடியோ இரைகிறது’ என்று தொடங்கினால் பேச்சு எங்கோ போய்விடும். பொறி பறக்கும் இணைப்பு நாளை அறுந்து விழப்போகும் இணைப்பு. அதை முன்கூட்டியே சொல்கிறவர் அவர்களுக்கு வேண்டிய ஆள்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இன்னொரு சத்தம் தெரிந்திருக்கும். தடாகம், நரசிபுரம், ஆலாந்துறைப் பக்கம் யானைக்காகச் சோலார் வேலி போட்டிருக்கிறார்கள். வேலிப் பெட்டி ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை குறுகிய துடிப்பைக் கம்பியில் அனுப்பும். வேலி சரியாக இருந்தால் ரேடியோவில் பெரிதாக ஒன்றும் வராது. இன்சுலேட்டர் உடைந்தாலோ, கொடி ஏறிக் கம்பியைத் தொட்டாலோ, முறுக்கிய இணைப்பு துருப்பிடித்தாலோ அங்கே பொறி பாயும், ‘டக்... டக்... டக்...’ என்று கடிகாரம்போல் வரும். இரவில் ட்ரான்ஸிஸ்டரோடு வேலியை ஒட்டி நடந்தால் இடம் தெரிந்துவிடும். சில சமயம் நீலப் பொறியே கண்ணுக்குத் தெரியும். வேலிக்காரர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். பொறி பாயும் இடத்தில் வேலியின் வோல்டேஜ் இறங்கியிருக்கும். அங்கிருந்துதான் யானை நுழையும். கொடியை வெட்டினால் இருவருக்கும் லாபம்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் வெயிலோடு ஏறி, அலைவரிசை நெடுகச் சம இடைவெளியில் மேடு மேடாக நின்ற இரைச்சலைத் தொடர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். தோட்டத்துக்காரர் பெரியவர், வெள்ளை வேட்டி, கையில் மண்வெட்டி.

“வாங்க தம்பி, அதென்னுங்க கையில? ரேடியோங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். “அதுக்கென்னுங்க, சித்த நேரம் நிறுத்திக் காட்டறேன்” என்று கன்ட்ரோலரை அணைத்தார். ட்ரான்ஸிஸ்டர் வாயை மூடியது. மறுபடி போட்டார், மறுபடி இரைச்சல். அவருக்கே ஆச்சரியம். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது: “ஏனுங்க, இதுல கை வெச்சா தண்ணி கொறையாதுங்களே?”

குறையாது என்று உறுதி சொல்லி, பொருத்திய கம்பெனியின் டெக்னீஷியனை வரச்சொல்லிச் செய்தோம். சோலார் பேனல் கம்பியில் வெயில் இருக்கும்வரை சில நூறு வோல்ட் டி.சி. நிற்கும், அதில் தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது. அங்கே பேனல்களின் பாசிட்டிவ் கம்பி ஃபிரேமின் ஒரு பக்கமாகவும் நெகட்டிவ் கம்பி மறுபக்கமாகவும் வந்து, நடுவில் அறை அகலத்துக்கு ஒரு வளையம் விழுந்திருந்தது. அதுதான் ஆன்டெனா. டெக்னீஷியன் இரண்டையும் சேர்த்து முறுக்கி ஃபிரேமை ஒட்டிக் கட்டினார். கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் பெரிய ஃபெரைட் வளையத்தில் இரண்டு கம்பியையும் சேர்த்தே பல சுற்றுச் சுற்றினார். மோட்டாருக்கு இறங்கும் கேபிளுக்கும் அதேபோல் ஒன்று. கன்ட்ரோலர் பெட்டிக்கும் ஃபிரேமுக்கும் சுற்றி வளைத்துப் போன எர்த்தைக் குட்டையான அகலப் பட்டையாக மாற்றினார். மாலையில் வீட்டுக்கு வந்து கேட்டபோது மேடுகள் பெரும்பாலும் தரையோடு தரையாகியிருந்தன. தண்ணீர் அதே அளவு. கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: “பரண்ல ஒரு ரேடியோ கெடக்குதுங்க. சோலார் போட்ட பொறவு கோயமுத்தூர் ஸ்டேசனே எடுக்கல. ரேடியோதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மேல வெச்சுட்டேன்.” மத்திய அலையில் 999 கிலோஹெர்ட்ஸில் கோவை வானொலி கேட்டு வளர்ந்தவர் அவர். இப்படி எத்தனை பரண்களில் எத்தனை நல்ல ரேடியோக்கள் கிடக்கின்றனவோ.

ஃபெரைட்டைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சொல். கடையில் விற்கும் கிளிப் ஒன்றைக் கம்பியில் மாட்டிவிட்டு, பலனில்லை என்று சொல்லாதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளிப் தருவது சில பத்து ஓம் தடை. நமக்கு வேண்டியது ஆயிரக்கணக்கில். தடை, சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு சுற்றுக்கு நான்கு மடங்கு, மூன்றுக்கு ஒன்பது. ஆகவே பெரிய வளையம், நிறையச் சுற்று. பொருளும் முக்கியம், குறைந்த மெகாஹெர்ட்ஸ்களுக்கு 31ஆம் எண் கலவை ஏற்றது. போகிற கம்பி, திரும்புகிற கம்பி இரண்டையும் சேர்த்தே வளையத்தில் சுற்ற வேண்டும். அப்போது வேலை செய்கிற மின்னோட்டம் எதிரெதிராக ஓடி வளையத்தைத் தொந்தரவு செய்யாது. இரண்டிலும் ஒரே திசையில் ஓடும் திருட்டு மின்னோட்டம் மட்டும் தடைபடும். டிரைவின் மோட்டார் பக்கத்தில் சிறிய வளையம் போட்டால் சூடேறி விரிசல் விடும். அங்கே தாராளமான அளவு வேண்டும்.

நாமும் மற்றவர்களுக்குத் தொல்லை தருகிறோம். நாம் பேசும்போது பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டரில் நம் குரல் கொரகொரவென்று வருகிறது. ஸ்பீக்கர் கம்பி ஆன்டெனாவாகி, உள்ளே இருக்கும் ட்ரான்ஸிஸ்டர் டிடெக்டராகி விடுகிறது. சட்டப்படி நம் அலை சுத்தமாகவே இருக்கலாம். அதை வாதாடுவதைவிட, ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு போய், “அக்கா, இதைச் சுத்திப் பார்க்கலாங்களா?” என்று கேட்பது மேல். அதற்கு முன்னால் நம் டைப்போல் ஆன்டெனாவுக்கு பாலன் (balun) இருக்கிறதா, கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தில் கரண்ட் இறங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தொழில்காரர்களிடம். வீடு வீடாக வளையம் சுற்றி இந்தக் காரியம் முடியாது. ஒரு கன்ட்ரோலரைத் தோட்டத்தில் சரிசெய்ய அரைநாள் ஆகிறது. அதையே கம்பெனியில் பலகை வரையும்போது செய்தால் ஒரு சோக், இரண்டு மின்தேக்கி, ஒரு எர்த் போல்ட்டின் இடம். கசியும் மின்னோட்டத்துக்குப் பெட்டிக்குள்ளேயே குட்டையான திரும்பும் வழி அமைத்துக் கொடுங்கள். அது வெளியே போக நினைக்காது. மோட்டார் கேபிளை ஷீல்டோடு கொடுக்க முடிந்தால், ஷீல்டை வால்போல் முறுக்கி ஒரு ஸ்குரூவில் மாட்டாமல் சுற்றிலும் கவ்வும் கிளாம்ப் கொடுங்கள். முழு அளவீட்டுக்குச் சென்னை தரமணியில் சமீர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்பே உங்கள் டெஸ்ட் பெஞ்சில், வோல்ட் மீட்டருக்கும் ஆம்ப் மீட்டருக்கும் பக்கத்தில், ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவை வையுங்கள். பெஞ்சில் மோட்டார் ஓடும்போது அதை ஒருமுறை 3இலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை உருட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இந்தச் சோதனையில் தேறிய பம்ப் என்று கோவை தைரியமாகச் சொல்லி விற்கலாம். சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

உங்களில் சிலர் கன்ட்ரோலரைக் கையோடு கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். நன்றி. பின்னால் முற்றத்தில் மேசை போட்டு, ஒரு சிறிய மோட்டாரும் நீளமான கேபிளும், வளையங்களும், பேட்டரியில் ஓடும் ரிசீவர் ஒன்றும் வைத்திருக்கிறோம். பத்து மீட்டர் தள்ளி ஒரு கம்பி ஆன்டெனா கட்டியிருக்கிறது. முதலில் எதையும் போடாமல் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்வோம். அப்புறம் ஒவ்வொரு கன்ட்ரோலராக ஆன் செய்யலாம். வாருங்கள்.